மூன்று ஹீட்டர், ஒரு ஏசி, ஒரு குளிர்காலம்: ஒரு வீட்டின் மின்செலவு ஆய்வு

பின்னணி

நான்கு பேர் உள்ள வீடு. கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் மகன், கணவரின் அம்மா. அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நெடுநாளாகச் சர்க்கரை நோய்; பாதங்களில் உணர்ச்சி குறைவு. கணவர் என்னுடன் வேலை பார்ப்பவர். மின்சாதனங்களைச் சோதிப்பது என் தொழில் என்பதால், ஒரு நாள் பில்லை என் மேசையில் வைத்து, "இந்த மூன்று ஹீட்டரில் எது எங்களைக் கவிழ்க்கிறது என்று பார்த்துச் சொல்" என்றார்.

சாதாரண மாதத்தில் அந்த வீட்டின் மின்பயன்பாடு 210 யூனிட். குளிர் கடுமையாக இருந்த மாதத்தில் 690. அதாவது 480 யூனிட் கூடுதல். இந்தக் கட்டுரை முழுவதும் யூனிட்டிலேயே பேசுகிறேன். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி: 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். விலை இடத்துக்கு இடம் மாறும். வாசகர் தம் வீட்டுக் கட்டணத்தால் பெருக்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் கட்டண முறையாக இருந்தால், ஹீட்டரின் யூனிட்டுகள் மேல்படியில்தான் விழும். சராசரி விலையால் பெருக்கினால் செலவு குறைவாகத் தெரியும்.

வீட்டில் இருந்தவை: 2000 வாட் ஃபேன் ஹீட்டர் ஒன்று, 2000 வாட் எண்ணெய் ஹீட்டர் ஒன்று, 400 வாட் குழாய் இரண்டு கொண்ட குவார்ட்ஸ் ஹீட்டர் ஒன்று. கணவன் மனைவி படுக்கும் அறையில் ஒரு இன்வெர்ட்டர் ஏசி. அதன் ரிமோட்டில் சூரியன் படம் போட்ட ஒரு தேர்வு இருந்தது. வாங்கியதிலிருந்து யாரும் அதை அழுத்தியதில்லை. "ஏசி போட்டால் பில் ஏறும்" என்பது அந்த வீட்டில் கேள்விக்கு அப்பாற்பட்ட விஷயம்.

ஹீட்டர்களைப் பற்றி ஆளுக்கொரு கட்சி. எண்ணெய் ஹீட்டர்தான் சிக்கனம், அணைத்த பிறகும் சூடு தருகிறதே என்றார் கணவர். ஃபேன் ஹீட்டர் ஐந்து நிமிடத்தில் சூடாக்கிவிடும், உடனே அணைத்துவிடலாம், அதனால் அதுதான் மலிவு என்றார் மனைவி. அம்மாவுக்கோ குவார்ட்ஸ். "செவசெவன்னு எரியறதைப் பார்த்தாலே பாதிக் குளிர் போயிடுது தம்பி" என்றார். அப்புறம் மெதுவாக இன்னொன்று கேட்டார்: "எண்ணெய் ஹீட்டர்ங்கறாங்க, எப்பவாவது எண்ணெய் ஊத்திப் பார்த்திருக்கியா?" அந்த எண்ணெய் எரிபொருள் இல்லை, உள்ளே அடைத்து மூடப்பட்டது, வெறும் சூடு தாங்கும் திரவம் என்று விளக்கினேன். மகனுக்கும் இது அன்றுதான் தெரிந்தது.

முதல் வருகையில் கண்டது

செலவுக் கணக்குக்குப் போகும் முன்பே நிறுத்த வேண்டியவை மூன்று இருந்தன.

ஃபேன் ஹீட்டர் ஒரு சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகப்பட்டிருந்தது. 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். அந்தப் பாக்ஸ் தாங்கக்கூடியது 6 ஆம்பியர்தான். பிளக்கை உருவிப் பார்த்தால் ஒரு பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தது. தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும். அங்கே வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். பாக்ஸை அன்றே தூக்கிப் போடச் சொன்னேன். ஹீட்டர்கள் சுவரில் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டும் நேரடியாக என்று முடிவானது.

எண்ணெய் ஹீட்டரின் மேல் துண்டு உலர்ந்துகொண்டிருந்தது. அதையும் எடுக்கச் சொன்னேன்.

மூன்றாவதுதான் என்னை உறுத்தியது. அம்மாவின் முன்னங்காலில், கணுக்காலுக்கு மேலே, வலை பின்னியது போலப் பழுப்புத் தடம். மாலையில் இரண்டு மணி நேரம் குவார்ட்ஸ் ஹீட்டருக்கு மிக அருகில் காலை நீட்டி உட்காருவாராம். நான் மருத்துவன் இல்லை. குடும்ப மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். தொடர்ந்து அருகிலிருந்து படும் வெப்பத்தால் வரும் தோல் மாற்றம்தான் அது, உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது, அந்த ஹீட்டர் பக்கமே போகக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். ஆக அம்மாவைப் பொறுத்தவரை குவார்ட்ஸ் ஹீட்டர், கணக்குப் போடும் முன்பே போட்டியிலிருந்து விலகிவிட்டது.

முதல் ஒப்பீடும் அதன் கோளாறும்

நான் வருவதற்கு முன்பே கணவர் ஒரு சோதனை செய்து வைத்திருந்தார். பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவே செருகி யூனிட் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கி, அம்மாவின் அறையில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, ஒரு இரவுக்கு ஒரு ஹீட்டர் என்று மூன்று இரவு ஓட்டியிருந்தார். கிடைத்தது இது: ஃபேன் ஹீட்டர் 9.0 யூனிட், எண்ணெய் ஹீட்டர் 6.4, குவார்ட்ஸ் 6.0.

"பார்த்தாயா, எண்ணெய் ஹீட்டர் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்" என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் ஒப்புக்கொண்ட முகமும் இல்லை.

எனக்கு இந்த எண்களில் நம்பிக்கை வரவில்லை. காரணம் எளிது. கம்பிச்சுருளைச் சூடாக்கி வேலை செய்யும் எந்த ஹீட்டரும், உள்ளே போகும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாகத்தான் மாற்றும். மின்விசிறியை ஓட்டும் சிறு பகுதியும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே முடியும். ஒரு யூனிட் உள்ளே போனால் ஒரு யூனிட் வெப்பம் வெளியே வரும், கூடவும் வராது, குறையவும் குறையாது. விலை உயர்ந்த ஹீட்டரானாலும் மலிவானதானாலும் இதுதான். அப்படியிருக்க, ஒரே அறையில் ஒரு ஹீட்டர் மூன்றில் ஒரு பங்கு குறைவாக எடுத்தால், அது குறைவான வேலை செய்திருக்கிறது என்றுதான் பொருள்.

நல்லவேளை, கணவர் அறையில் வைத்த வெப்பமானியின் எண்களையும் குறித்திருந்தார். வெளியே இருந்த வெப்பநிலையைக் குறிக்கவில்லை. அந்த இரவுகளுக்கான வானிலைப் பதிவுகளைத் தேடி எடுத்தோம். ஃபேன் ஹீட்டர் ஓடிய இரவில் உள்ளே சராசரி 22 டிகிரி, வெளியே 6. எண்ணெய் ஹீட்டர் ஓடிய இரவு மேகமூட்டம். உள்ளே 21, வெளியே 9.5. குவார்ட்ஸ் இரவில் உள்ளே 17.5தான், வெளியே 7.

அறை வெப்பத்தை இழக்கும் வேகம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. வித்தியாசம் இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும். எனவே யூனிட்டை வெறுமனே ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. வித்தியாசத்தை மணியால் பெருக்கி, அந்த 'டிகிரி மணி'யால் யூனிட்டை வகுக்க வேண்டும். ஃபேன் ஹீட்டருக்கு 16 டிகிரி, 8 மணி, ஆக 128, 9.0-ஐ அதனால் வகுத்தால் 0.070. எண்ணெய் ஹீட்டருக்கு 92 டிகிரி மணி, 0.070. குவார்ட்ஸுக்கு 84, 0.071.

மூன்றும் ஒன்றுதான். கணவர் காகிதத்தைத் திருப்பி இன்னொரு முறை போட்டுப் பார்த்தார்.

குவார்ட்ஸ் ஏன் 6.4 யூனிட் எடுக்காமல் 6.0 எடுத்தது என்று அவர் கேட்டது நல்ல கேள்வி. பெட்டியில் 800 வாட் என்று போட்டிருக்கிறது. 8 மணி நேரத்துக்கு 6.4 வர வேண்டும். அந்த வீட்டில் இரவில் மின்னழுத்தம் 222 வோல்ட் அளவுக்கு இறங்குகிறது. இப்படிப்பட்ட ஹீட்டரின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 800 வாட் 745 வாட்டாகிவிடும். யூனிட் குறைந்தது போலவே வெப்பமும் குறைந்தது. அதில் மிச்சம் எதுவும் இல்லை.

இரண்டாம் சுற்று

மூன்றே இரவுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. அடுத்த ஆறு இரவுகள், ஃபேன் ஹீட்டரும் எண்ணெய் ஹீட்டரும் மாறி மாறி. வெப்பமானி தலையணை உயரத்தில், ஹீட்டரின் காற்று நேராகப் படாத இடத்தில். இன்னொன்று சன்னலுக்கு வெளியே நிழலில். ஹீட்டர்களின் டயலில் டிகிரி எண் கிடையாது, 1 முதல் 6 வரைதான். 20 டிகிரிக்கு எந்த இடம் என்று பார்த்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டோம். ஆறு இரவுகளின் விடையும் 0.068 முதல் 0.072 வரைக்குள் அடங்கிவிட்டது. இந்த மீட்டரையும் வெப்பமானியையும் வைத்துக்கொண்டு அதற்கு மேல் நுட்பம் பேசுவது நியாயமில்லை.

செலவு ஒன்றாக இருந்தாலும் குணம் ஒன்றாக இல்லை. ஃபேன் ஹீட்டரின் சத்தத்தில் அம்மா இரண்டு முறை விழித்துக்கொண்டார். எண்ணெய் ஹீட்டர் சத்தமில்லை, ஆனால் அறை இதமாக முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதன் தெர்மோஸ்டாட் ஹீட்டரின் உடம்பிலேயே இருப்பதால், அதை மூலையில் தள்ளி வைத்தால் தன் சூட்டையே அறையின் சூடு என்று நினைத்துச் சீக்கிரம் அணைந்துவிடுகிறது. இரவு முழுவதும் ஓடும் அறைக்கு எண்ணெய் ஹீட்டர் ஏற்றது என்று முடிவு செய்ததற்குச் சத்தம்தான் காரணம், யூனிட் இல்லை.

கணவரின் 'மிச்சச் சூடு' வாதத்தையும் கணக்குப் போட்டோம். ஹீட்டருக்குள் நான்கைந்து கிலோ எண்ணெய், எட்டு கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், அறையைவிட 60 டிகிரி சூடேறி நிற்கும்போது அதில் சேர்ந்திருக்கும் வெப்பம் ஏறக்குறையக் கால் யூனிட். அணைத்த பிறகு அது தருவது அவ்வளவுதான், அதுவும் சூடேறும்போது நாம் முன்கூட்டிக் கொடுத்ததைத் திருப்பித் தருவது. மனைவியின் வாதத்தில் உண்மை கொஞ்சம் கூடுதல். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் சூடு வேண்டுமென்றால், எண்ணெய் ஹீட்டர் தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே அந்த நேரம் போதாது. அங்கே ஃபேன் ஹீட்டர்தான் சரி.

எந்த மின் ஹீட்டரும் ஆக்ஸிஜனை 'எரிப்பது' இல்லை. அதில் எதுவும் எரிவதில்லை. காற்று வறள்வது உண்மை, ஆனால் குற்றவாளி ஹீட்டர் வகை இல்லை. வெளியே 8 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்துடன் இருக்கும் காற்று உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானால், ஒரு துளி நீரும் குறையாமலே அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எதை வைத்துச் சூடாக்கினாலும் இது நடக்கும்.

அறையின் பக்கம் திரும்பியது

ஹீட்டரில் விடை இல்லை என்றானதும் மிச்சம் இருப்பது அறைதான். 4 மீட்டருக்கு 3.5 மீட்டர், உயரம் 2.8. இரண்டு சுவர்கள் வெளிப்புறம். ஒற்றைக் கண்ணாடிச் சன்னல். மேலே இன்னொரு வீடு இருப்பதால் கூரை வழியே இழப்பு அதிகமில்லை. மேல்தளமாக இருந்திருந்தால் இந்த எண்கள் வேறாகியிருக்கும்.

0.070 என்றால், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் அறை 70 வாட்டை விடாமல் கசியவிடுகிறது என்று அர்த்தம். காப்பிடாத செங்கல் சுவரின் ஒரு சதுர மீட்டர், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 வாட் விடும். ஒற்றைக் கண்ணாடி 5 முதல் 6 வாட். சுவருக்கு 38, சன்னலுக்கு 11 என்று கழித்தால் கிட்டத்தட்ட 20 வாட் மிஞ்சியது. அது காற்றோடு போவது. மெல்லிய காகிதக் கீற்றை நூலில் கட்டி அறையைச் சுற்றி வந்தோம். கதவின் அடியில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. இடைவெளி இரண்டு சென்டிமீட்டர். சன்னல் சட்டத்தின் ஒரு மூலை. சுவரின் மேலே பழைய காற்றுப்போக்கித் துளை.

கதவடியில் துணி உருளை, சன்னல் சட்டத்தில் ஒட்டும் நுரைப் பட்டை, தரை வரை தொங்கும் தடித்த திரை. துளையை முழுதாக அடைக்கவில்லை, பாதி மூடினோம். ஒருவர் இரவெல்லாம் மூச்சு விடும் அறைக்குக் கொஞ்சம் காற்று வேண்டும், ஈரம் வெளியேறாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். இதையெல்லாம் செய்த பின் நான்கு இரவுகளின் சராசரி 0.058. ஆறில் ஒரு பங்கு குறைந்தது. எந்த ஹீட்டரை மாற்றியும் இது கிடைத்திருக்காது.

அடுத்தது வெப்பநிலை. 22 டிகிரியை யாரும் தீர்மானித்து வைக்கவில்லை. டயல் அங்கே இருந்தது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல்கள் குளிர்காலத்தில் பொதுவாக 18 டிகிரியைப் பாதுகாப்பான அளவாகச் சொல்கின்றன. முதியோருக்கு அதைவிடக் கூடுதல் தேவைப்படலாம் என்றும் சொல்கின்றன. மருத்துவரிடம் கேட்டு 19 என்று வைத்தோம். குளிர்ந்தால் அம்மாவே கூட்டிக்கொள்ளலாம், யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. பழைய 0.070 கணக்கிலேயே பார்த்தாலும் ஒரு டிகிரி குறைந்தால் மாதம் 17 யூனிட். மூன்று டிகிரிக்கு 50.

மின்போர்வை வாங்கலாம் என்று மனைவி சொன்னார். 60 வாட்தான், செலவில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அடியில் இரவு முழுவதும் சூடேறும் துணியை வைப்பதை மருத்துவர் ஒப்பவில்லை. ஒரு நடுவழி கிடைத்தது: அம்மா படுக்கும் முன் அரை மணி நேரம் போட்டுப் படுக்கையைச் சூடாக்கி, அவர் படுக்கும்போது பிளக்கையே உருவிவிடுவது. செலவு 0.03 யூனிட். சில்லென்ற படுக்கையில் கால் வைக்கும் அந்த நொடிதான் அம்மாவுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அது போனதும் 19 டிகிரி பற்றி அவர் பேசவே இல்லை.

யாரும் தொடாத ஏசி

சூடாக்கும் வசதி உள்ள ஏசி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளியே உள்ள காற்றிலிருந்து இழுத்து உள்ளே கொண்டுவருகிறது. வெளியே 5 டிகிரி என்றாலும் அந்தக் காற்றில் வெப்பம் இருக்கத்தான் செய்கிறது. இழுத்து வரும் கூலியை மட்டும் மின்சாரமாகக் கொடுக்கிறோம். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை, மூன்று, சில சமயம் நான்கு யூனிட் வெப்பம்கூடக் கிடைக்கும். குளிர் கூடக்கூட இந்த விகிதம் குறையும். விற்பனைத் தாளில் வரும் எண் பெரும்பாலும் வெளியே 7 டிகிரி இருக்கும்போது எடுத்தது.

ஏசி சுவரில் நேரடியாக இணைக்கப்பட்டிருந்ததால் செருகு மீட்டர் பயன்படவில்லை. வீட்டு மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைத்தான் எண்ண வேண்டியிருந்தது. அந்த மீட்டரில் 3200 மினுக்கலுக்கு ஒரு யூனிட். ஃபிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் அணைத்தோம். எண்ணும் பொறுப்பை மகன் ஆர்வமாக எடுத்துக்கொண்டான். வெளியே 9 டிகிரி, உள்ளே 20. அறை சூடேறி நிலைபெற்ற பின் ஏசி சராசரியாக 260 வாட் எடுத்தது. அதே அறையை அதே நிலையில் வைக்க ஃபேன் ஹீட்டருக்கு ஏறத்தாழ 780 வாட். மூன்றில் ஒரு பங்கு.

விடியற்காலையில், வெளியே 3 டிகிரி இருந்தபோது இன்னொரு முறை. ஹீட்டருக்கு 1200 வாட் வேண்டிய இடத்தில் ஏசி 530 எடுத்தது. விகிதம் 2.3 ஆக இறங்கிவிட்டது. நடுவில் காற்று நின்று, வெளிப்பெட்டியிலிருந்து ஆவி கிளம்பியது. ஏசி கெட்டுவிட்டது என்று வீட்டில் ஒரு கலவரம். வெளிப்பெட்டியின் சுருளில் படியும் உறைபனியைக் கரைக்க அது சில நிமிடம் சூடாக்குவதை நிறுத்தும், பழுது இல்லை. காற்றுத் தடுப்பைக் கீழ்நோக்கித் திருப்பி, ஃபில்டரைக் கழுவிப் போட்டதில் கால்மாட்டுக் குளிரும் குறைந்தது. சுவரின் உச்சியிலிருந்து வரும் சூடான காற்று மேலேயே நின்றுவிடும், கீழே தள்ளினால்தான் இறங்கும்.

எடுத்த முடிவுகள்

கணவன் மனைவி அறையில் இனி ஏசி மட்டும். மகன் மாலையில் படிப்பதும் அங்கேயே.

அம்மாவும் அவர்களும் அறையை மாற்றிக்கொள்வதுதான் கணக்குப்படி சரியான முடிவு. இரவு முழுவதும் சூடு தேவைப்படுபவர் அம்மாதான். நானே அதைச் சொன்னேன். "கரன்ட் காசுக்காக நான் ரூமை விட்டுப் போகணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேச்சு அத்தோடு முடிந்தது. அவர் அறையில் எண்ணெய் ஹீட்டர், 19 டிகிரி, இரவு 8 மணியிலிருந்து காலை 6 வரை. மாலையில் குவார்ட்ஸ் முன் உட்கார முடியாததால் இரண்டு மணி நேரம் முன்கூட்டியே போட வேண்டியிருந்தது. இது செலவைக் கூட்டும் முடிவு, தெரிந்தே எடுத்தோம்.

கூடுதல் 480 யூனிட்டை அலசியபோது கீசரும் சிக்கியது. 15 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 55-க்குக் கொண்டுபோக 0.75 யூனிட் வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் 26 டிகிரியில் வரும்போது 0.5 போதும். குளிரில் குளியலும் நீள்கிறது. மாதத்துக்கு 60 யூனிட் கூடுதல் அங்கே போயிருந்தது, அதைக் குடும்பம் மொத்தமாக ஹீட்டர் தலையில் கட்டியிருந்தது. குளிக்கும் முன் மட்டும் போடுவது, எல்லோரும் அடுத்தடுத்துக் குளிப்பது என்று வைத்துக்கொண்டார்கள்.

விளைவு

அடுத்த மாதப் பயன்பாடு 516 யூனிட். 174 குறைந்தது. இதில் 15, 20 யூனிட் எங்கள் சாதனை இல்லை. அந்த மாதம் இரவுகள் சராசரியாக ஒரு டிகிரி வெதுவெதுப்பாக இருந்தன. கணவன் மனைவி அறைக்கு முன்பு மாதம் 90 யூனிட் போனது, ஏசியில் 35 ஆயிற்று. அம்மாவின் அறை இரவு மட்டும் 250 எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடியும் 190. அவர் காலில் இருந்த தடம் மங்கத் தொடங்கியிருந்தது. வாங்கிய பொருள் என்று பார்த்தால் பட்டை, திரை, உருளை, மின்போர்வை. ஹீட்டர் எதுவும் புதிதாக வாங்கவில்லை.

இப்போது செய்தால் மாற்றிச் செய்வது

குவார்ட்ஸ் ஹீட்டருக்கு நான் அநியாயம் செய்துவிட்டேன். டிகிரி மணி என்ற அளவுகோல் காற்றின் வெப்பநிலையைத்தான் பார்க்கிறது. குவார்ட்ஸ் காற்றைச் சூடாக்க வந்ததில்லை. எதிரே இருக்கும் உடம்பின் மேல் நேராக வெப்பத்தை வீசுவது அதன் வேலை. இதைக் கண்டுபிடித்தது மனைவிதான். விடியற்காலையில் கூடத்தில் மேசை முன் ஒன்றரை மணி நேரம் அலுவலக வேலை செய்வார், முன்பெல்லாம் சால்வையைச் சுற்றிக்கொண்டு. "அத்தைக்குத்தானே அண்ணா அது கூடாது? எனக்குக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையே" என்றார். ஒரு குழாயை மட்டும், ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் போட்டால் 0.6 யூனிட். அந்தப் பெரிய கூடத்தை ஃபேன் ஹீட்டரால் இதமாக்க இரண்டு யூனிட்டுக்கு மேல் ஆகியிருக்கும். ஓரிடத்தில் அசையாமல் உட்காரும், உணர்ச்சி சரியாக உள்ள ஒருவருக்கு, சிறிது நேரத்துக்கு அதுதான் மலிவு. என் அட்டவணையில் அது கடைசியில் இருந்தது.

அறை மாற்றும் யோசனையையும் யூனிட் கணக்கோடு சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாது. ஏசி அறையில் சத்தம் குறைவு, பாத்ரூமும் பக்கத்தில். அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கலாம். முதல் நாளே வெளியே ஒரு வெப்பமானி வைத்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும் என்பதும் உண்டு.

கணக்கில் சேராத 30 யூனிட்

480 யூனிட்டில் அம்மாவின் இரவு 250, கணவன் மனைவி அறை 90, கீசர் 60, மாலைக் குவார்ட்ஸ் 50 என்று கூட்டினால் 450தான் வந்தது. 30 இடித்தது. அளவீட்டுப் பிழை என்று நான் எழுதி வைத்துவிட்டேன். இரண்டாம் மாதத்திலும் அதே 30 இடித்தபோதுதான் பிழை இவ்வளவு ஒழுங்காக வராதே என்று தோன்றியது. நாளுக்கு ஒரு யூனிட். 2000 வாட்டில் அரை மணி நேரம். இந்தக் கணக்கை நான் உரக்கச் சொல்லும்போது மீட்டர் விளக்கை எண்ணிய மகன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். பள்ளிக்குக் கிளம்பும் முன் ஈரக் காலுறையையும் சட்டையையும் ஃபேன் ஹீட்டர் முன்னால் நாற்காலியில் விரித்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவானாம், தினமும். தூக்கிப் போடச் சொன்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அவன் கட்டிலுக்கு அடியில் இருந்தது.